ரைஸ் மில்லுக்குப் பின்னால் நின்ற ரோவர்

இன்னைக்கு எபிசோடு என் சொந்த நஷ்டத்தில் இருந்து ஆரம்பிக்குது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, செங்கிப்பட்டியில் ஹைவேயை விட்டுப் பூதலூர் ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் என் கார் நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகரலை. ரெண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் சம்பா வயல். கடைசியில் நியூட்ரலில் போட்டு, ஒரு டிராக்டரில் கயிறு கட்டித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அது எட்டு வருஷம் ஓடிய ஐரோப்பிய டர்போ கார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 4.25 லட்சம் கொடுத்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கியர்பாக்ஸை இயக்கும் எலக்ட்ரானிக் யூனிட் போயிருந்தது. சர்வீஸ் சென்டரில், "முழு கியர்பாக்ஸையும் மாத்தணும் சார், 2.60 லட்சம் ஆகும்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

எங்க தெருவில் டிராக்டர் மெக்கானிக் மாமா ஒருத்தர் இருக்கார். காரைப் பார்க்க வந்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தை சொன்னார்: "மில்லுக்காரரு ரோவர் கதைதான் மாப்ள இதுவும்."

அந்த ரோவரை எனக்குத் தெரியும். ரைஸ் மில்லுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், நாலு டயரிலும் காற்று இல்லாமல் நின்ற ஒரு நீளமான கார். சின்ன வயசில் அதற்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டி விளையாடியிருக்கோம். அது என்ன கார், ஏன் அங்கே நின்றது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இந்த முறை கேட்டேன். ஐரோப்பிய கார் ஆசை நம்ம ஊரில் எப்படி வாழ்ந்தது, எங்கே செத்தது என்ற முழு வரலாறும் அந்த ஒரு வண்டியில் இருந்தது.

முதலில் காலத்தைப் புரிஞ்சுக்கணும். 1950களில் இருந்து பல பத்தாண்டுகள் வெளிநாட்டுக் காரை முழுசாக இறக்குமதி செய்வது சாமானியனுக்கு நடக்காத காரியம். தூதரகங்கள் விற்கும் பழைய கார்கள் அரசு வணிகக் கழகம் வழியாக ஏலத்துக்கு வரும். பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் எடுப்பார்கள். மற்றவர்களுக்கு இங்கே செய்த காரைத் தட்டிக்கொட்டி வேகமாக்குவது ஒன்றுதான் வழி. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற ஃபியட்டும் ஹெரால்டும் ட்யூனிங் செய்யப்பட்டு அங்கே ஓடின.

அந்த ஹெரால்டு மெட்ராஸ் வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி 1948ல் இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டோடு தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் வான்கார்டு என்ற காரைச் செய்தார்கள். 1961ல் ஹெரால்டு வந்தது. வரைந்தவர் ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் 948 சி.சி.தான், ஆனால் திறந்த விதம் அழகு: முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாடி தனி, சேஸிஸ் தனி. இங்கிலாந்தில் 1971ல் ஹெரால்டு நின்றுபோனது. இங்கே அதற்கு நாலு கதவு வைத்து, பிறகு கெசல் என்று பேர் மாற்றி, மேலும் சில வருஷம் ஓட்டினார்கள். லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற உதிரிபாகக் கம்பெனிகள் 1960களின் தொடக்கத்தில் சென்னையில் முளைத்த காலமும் அதுதான். பாகம் செய்யத் தெரிந்த ஊர், கழற்றி மாட்ட எளிதான வண்டி. இன்றும் ஓடுகிற நிலையில் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போ மில்லுக்காரர் ரோவர். அதன் உண்மையான பேர் ஸ்டாண்டர்டு 2000. 1976ல் இங்கிலாந்தில் வந்த ரோவர் எஸ்.டி.1, அடுத்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. முகத்தில் ஃபெராரி டேடோனா சாயல். உள்ளே 3.5 லிட்டர் வி8 இன்ஜின், 155 குதிரைத்திறன். இங்கிலாந்து போலீஸ் ஓட்டிய வண்டி. அதன் விட்டெஸ் மாடலில்தான் ஆண்டி ரவுஸ் 1984ல் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றார்.

1985ல் அந்த உடம்பு மெட்ராஸுக்கு வந்தது. வி8 வரவில்லை. அதற்குப் பதில் பழைய வான்கார்டு வழியில் வந்த 1,991 சி.சி. நாலு சிலிண்டர் இன்ஜின். சக்தி ஏறக்குறைய பாதி.

மாமா இதைத்தான் தன் பாணியில் சொன்னார்: "ராஜா மாதிரி சட்டையைப் போட்டு, உள்ள டிராக்டர் இன்ஜினை வச்சுட்டாங்க மாப்ள." நான் கிண்டல் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் கிட்டத்தட்ட உண்மை! வான்கார்டு இன்ஜின் குடும்பம்தான் இங்கிலாந்தின் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரிலும் இருந்தது. அதே குடும்பம் ட்ரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. அதாவது இன்ஜின் மட்டமானது இல்லை. ஆனால் 1940களில் பிறந்த இன்ஜின், 1980களின் பெரிய உடம்பை இழுக்க வேண்டியிருந்தது.

அது வந்த நேரமும் சரியில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. கம்மி பெட்ரோல், குறையாத மைலேஜ் என்று ஜனங்கள் பழகத் தொடங்கிய நேரம். 1986ல் இங்கிலாந்திலேயே எஸ்.டி.1 நின்றது. 1980களின் கடைசியில் இங்கேயும் நின்றது. கொஞ்ச காலத்தில் பாகம் கிடைக்கவில்லை. மில்லுக்காரர் புதுப்பேட்டை வரைக்கும் ஆள் அனுப்பித் தேடியிருக்கிறார். ஒரு சின்னப் பாகத்துக்காக வேப்பமரத்தடியில் நிறுத்திய கார், அப்புறம் நகரவே இல்லை.

எனக்கு வலித்த இடம் இதற்குப் பிறகு வருது. மெட்ராஸ் ஃபேக்டரியில் மிச்சமாகக் கிடந்த எஸ்.டி.1 பாகங்களைப் பல வருஷம் கழித்து ஓர் இங்கிலாந்து வியாபாரி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார். அங்கே பழைய ரோவர் வைத்திருப்பவர்களுக்கு அது புதையல். இங்கே நின்றுபோன வண்டிக்குத் தேவையான பாகம், இங்கேயே பெட்டிக்குள் தூங்கியிருக்கு.

1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை எடுக்கப்பட்டது. 2001ல் ஃபியட் பாலியோ, ஸ்கோடா ஆக்டேவியா. 2004ல் 150 குதிரைத்திறன் டர்போவோடு ஆக்டேவியா ஆர்.எஸ். 2013ல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2022ல் போலோ விற்பனையே இங்கே முடிந்தது. நம்ம தலைமுறை செகண்ட் ஹேண்டில் துரத்துகிற வண்டிகள் இவைதான். புதுசில் எட்டாத கார், எட்டு வருஷத்தில் நம்ம சம்பளத்துக்கு எட்டுது. ஏன் இவ்வளவு இறங்குது? முந்தைய ஓனர் செய்யாமல் விட்ட செலவும் சேர்த்துத்தான் அந்த விலை. நான் அதைத் தள்ளுபடி என்று நினைத்தேன்.

அதனால் வாங்கப் போகிறவங்க கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீங்க. டைமிங் பெல்ட் எப்போ மாறியது, கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாறியது என்று பில்லோடு கேளுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கா என்று பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ நல்ல கார்கள் மூழ்கின. டெல்டா பக்கம் தை, மாசியில் வந்தால் இன்னொன்று: ரோட்டில் பரப்பின வைக்கோல் மேல் தாழ்வான காரை ஏற்றாதீங்க. அடியில் சுற்றிக்கிட்டு, சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். எல்லாத்துக்கும் முன்னால், அந்த மாடலைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருத்தரைக் கண்டுபிடிங்க. காரை அப்புறம் தேடலாம்.

என் கார்? கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப் போன யூனிட்டை மட்டும் மாற்றித் தந்தது. மூணு வாரம், 85,000 ரூபாய். இப்போ மாசாமாசம் 5,000 ரூபாய் அந்தக் காருக்கென்றே தனி அக்கவுன்ட்டில் போடுகிறேன். அது சேராத மாசம் வண்டி வெளியே போகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம்.

மில்லுக்காரர் ரோவர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதன் ஜாக்கி மட்டும் மாமா ஷெட்டில் இருக்கிறது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது என் காரைத் தூக்கிப் பார்க்க அதைத்தான் கொண்டு வந்தார்.

"கொடுக்கிறீங்களா மாமா, எனக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் பத்து வருஷம் இந்தக் காரை ஓட்டு மாப்ள. அப்புறம் பார்க்கலாம்" என்றார்.