பிரெஞ்சு வாள், வண்ணாரப்பேட்டை மூங்கில்

வாள்வீச்சுப் போட்டியை டிவியில பார்க்க நேர்ந்தா நடுவர் வாயைக் கவனிங்க. "ஆன் கார்த்" என்றால் தற்காப்பு நிலைக்கு வா. "ப்ரே?" என்றால் தயாரா. "அலே" என்றால் தொடங்கு. டோக்கியோவில் நடந்தாலும் சர்வதேசப் போட்டியில் பேச்சு பிரெஞ்சுதான். 1913இல் சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு உருவான ஊரும் பாரிஸ்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு வரலாறு படிக்கிற எனக்கு இதுல ஒரு கேள்வி. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் காலூன்றியதிலிருந்து 1954 நவம்பர் 1 வரை, நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் போக, இது பிரெஞ்சுக்காரர் ஊர். போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பி இன்னும் இருக்கு. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்குறவரை 'சொல்தா' என்கிறோம். இரும்புக் குண்டை உருட்டும் பெத்தாங்கு ஆட்டமும் இங்கே நிலைத்துவிட்டது. அப்படியென்றால் பிரெஞ்சு வாளும் புதுச்சேரி வழியாகத்தானே தமிழ்ப் பிள்ளைகள் கைக்கு வந்திருக்கணும்?

வந்த வழி வேற. 2004இல் வடசென்னையில், முருக தனுஷ்கோடி பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்கு விளையாட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். மற்ற ஆட்டங்களில் இடம் நிரம்பிவிட, மிஞ்சியது வாள்வீச்சு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அர்ச்சகரின் மகளான பவானி தேவி அதை எடுத்துக்கொண்டார். பெண்களுக்கான சேபர் வாள் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றதும் அதே 2004இல்தான். வாள் உடைந்தால் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பயிற்சி மூங்கில் குச்சியில், வாள் போட்டிக்கு மட்டும். பிரெஞ்சு ஆட்டம், சிலம்பக் கம்புக்கு உறவான மூங்கிலில்!

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் போனது தலச்சேரி. அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் சாகர் லாகு பயிற்சியாளர். தலச்சேரி ஆங்கிலேயக் கம்பெனியின் கோட்டை ஊர். அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் மாஹே, அதாவது இன்றைக்கும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த பழைய பிரெஞ்சு ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டும் மிளகு வியாபாரத்துக்காக முட்டிக்கொண்டவை. பிரெஞ்சு வாள் கடைசியில் வேர் பிடித்தது ஆங்கிலேயன் பக்கத்தில்!

இதில் எனக்குப் புரிவது ஒன்றுதான். கொடி பறந்த இடத்திலெல்லாம் ஆட்டம் தங்கிவிடாது. ஒரு பள்ளிக்கூடம் அதைப் பாடவேளைக்குள் கொண்டுவந்தால்தான் தங்கும்.

அதிலும் குழுப் போட்டியைப் பாருங்க. ஒரு பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் மூன்று பேர். ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரையும் சந்திக்கணும், ஆக ஒன்பது ஆட்டம். புள்ளிகள் தொடர் ஓட்டம் மாதிரி சேர்ந்துகொண்டே போகும். முதல் ஆட்டம் ஓர் அணி 5 தொடும்வரை, அடுத்தது 10 வரை, இப்படியே 45க்கு முதலில் போகிற அணிக்கு வெற்றி. எவ்வளவு பெரிய கெட்டிக்காரருக்கும் ஒன்பதில் மூன்று ஆட்டம்தான். மீதி ஆறை மற்ற இருவர் ஆடணும்.

2021 ஜூலை 26. டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியரான பவானி தேவி, துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றார். புருனே அன்றே வெண்கலம் வாங்கினார். ஐந்து நாள் கழித்துக் குழுப் போட்டியில் பிரான்ஸ் அணியோடு வெள்ளியும் வாங்கினார். அந்தக் குழுப் போட்டியில் இந்தியா இல்லை. இந்தியாவிலிருந்து வாளோடு போனவர் ஒருவர்தான்.

2023இல் சீனாவின் வூசி நகரில், ஆசியப் போட்டியில் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை வீழ்த்திப் பவானி தேவி வெண்கலம் வென்றார். இந்தியாவுக்கு அங்கே அதுதான் முதல் பதக்கம். திறமைக்குக் குறைவில்லை என்பதற்கு அது சாட்சி. குறை எண்ணிக்கையில்தான்.

அதனால் எங்க ஊர்ப் பள்ளிகள் வாள்வீச்சுச் சொல்லிக் கொடுக்க முன்வந்தால், ஒரு நட்சத்திரத்தைத் தேட வேண்டாம் என்பேன். ஒரே வகுப்பில் மூன்று பேரைப் பிடிங்க. மூங்கிலில் தொடங்கினாலும் போதும். "ஆன் கார்த்" என்றால் என்னவென்று சொல்லித்தர புதுச்சேரியில் ஆள் கிடைக்காமலா போகும்?