தாத்தாவின் தூண்டிலும் காணாமல் போன முடிச்சும்

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தாத்தாவின் தூண்டில் கம்பு இன்னும் செருகியே கிடக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன். நுனியில் ஒரு விரிசல். அதன் மேல் சாக்குத் தைக்கிற நூலை நெருக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறார். முடிச்சு எங்கே என்று தேடினேன், கிடைக்கவேயில்லை! அதைத் தேடப் போய்த்தான் இவ்வளவும் படிக்க நேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவின் ஈஸ்டன் ஊரில் சாமுவேல் பிலிப் என்ற துப்பாக்கித் தொழிலாளி மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கீறி, ஒட்டி, தூண்டில் கோல் செய்தார். பிறகு ஹைராம் லியோனார்ட் ஆறு பட்டைக் கோலை இயந்திரத்தின் துணையோடு செய்து விற்றார். அந்த மூங்கில் எங்கிருந்து போனது தெரியுமா? நம் நாட்டிலிருந்து! அதற்குப் பெயரே 'கல்கத்தா கேன்'. மேலே சூடு போட்ட தழும்புகளோடு வருமாம், தழும்பு விழுந்த இடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எடுப்பார்கள். (மூலப்பொருளை அனுப்பிவிட்டு லாபத்தை வேறொருவருக்கு விடுவது நமக்குப் பழைய பழக்கம்தான். பி.காம் படிப்பவன் இதைச் சொல்லாமல் விட முடியுமா?)

அந்தக் காலத்துப் பசை, தச்சர்கள் காய்ச்சும் வச்சிரம் மாதிரி. தண்ணீர் பட்டால் இளகிவிடும். மீன் பிடிக்கிற கோலில் தண்ணீர் படாமல் இருக்குமா? ஆகவே கோல் நெடுக, சிறு சிறு இடைவெளியில் பட்டுநூலைச் சுற்றி மேலே வார்னிஷ் பூசினார்கள். அன்றைக்கு நூல் அலங்காரம் இல்லை, கோலின் உயிரே அதுதான்.

பசை தேறியதும் சுற்றுகள் குறைந்தன. மூங்கிலும் தென்சீனத்து 'டோங்கின்' வகைக்கு மாறியது. 1950இல் அமெரிக்கா சீன வர்த்தகத்துக்குத் தடை போட, கண்ணாடி இழைக் கோல்கள் சந்தையைப் பிடித்தன. 1970களில் கார்பன் வந்தது. ஆனாலும் நரம்பு ஓடும் வளையங்களைக் கோலோடு பிணைக்க இன்றைக்கும் நூல்தான். துளை போட்டால் கோல் பலமிழக்கும் இல்லையா! பட்டுக்குப் பதில் நைலான், வார்னிஷுக்குப் பதில் எப்பாக்ஸி, அவ்வளவே வித்தியாசம்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' எழுதினார். 1887இல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனியாக இன்னொரு புத்தகம். எங்கள் தாத்தா இரண்டையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

சரி, முடிச்சு? அப்படி ஒன்று இல்லவே இல்லை. தொடங்கும்போது நூலின் நுனியைக் கம்போடு படுக்க வைத்து அதன் மேலேயே சுற்ற வேண்டும். முடிய நாலைந்து சுற்று இருக்கையில் தனி நூல் ஒன்றை மடித்து, அதன் காது வெளியே தெரியும்படி உள்ளே வைத்துச் சுற்ற வேண்டும். கடைசி நுனியைக் காதில் கோர்த்து இழுத்தால் சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கிரிக்கெட் மட்டைக் கைப்பிடியில் நூல் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று தாத்தாவின் சுற்றில் லேசாக நகத்தை வைத்தேன்... ஆறு சுற்று பிரிந்துவிட்டது! பாட்டி பார்ப்பதற்குள் மறுபடி சுற்றியாக வேண்டும். மூன்று முறை தளர்ந்தது, நாலாவது முறை நின்றது. வார்னிஷ் இல்லாததால் அக்காவின் நகப்பூச்சைத் தடவினேன். கம்பின் நுனி இப்போது ரோஸ் கலரில் இருக்கிறது. பாட்டி இன்னும் கவனிக்கவில்லை.