ஒரு நஞ்சின் இரு வரலாறுகள்

புற்றுநோய்க்கு வழங்கப்படும் இரசாயன மருந்துகள் நலமுள்ள கலங்களின் பரம்பரையலகுகளையும் ஊறுபடுத்துகின்றன. இவ்வுண்மை நெடுங்காலத்தின் பின்னரே தெரியவந்தது எனப் பலர் கருதுவர். வரலாறு அதனை மறுக்கின்றது. மருந்தின் பயனும் தீங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே இனச் சேர்வைகளிற் கண்டறியப்பட்டன.

1917 யூலையில் ஈப்பர் போர்க்களத்தில் ஜேர்மனியப் படை கடுகு வாயுவை முதன்முதலாகப் பயன்படுத்தியது. அதற்கு இரையானோரின் குருதியில் வெண்கலங்கள் அருகியிருந்தமை 1919 இல் எடுத்துரைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் ஆகியோர் அவ்வினத்தைச் சேர்ந்த நைதரசன் கடுகுச் சேர்வையை ஆராய்ந்தனர். 1942 இல் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு அது ஏற்றப்பட்டது. கட்டிகள் விரைவிற் சுருங்கின. என்பு மச்சையும் நலிவுற்றது. நோய் மீண்டது, அவ்வாண்டிறுதியில் அவர் இறந்தார்.

அதற்குச் சற்று முன்னரே, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில், நாசி ஜேர்மனியை நீங்கி வந்த யூத அறிஞரான சார்லட் அவர்பாக் அம்மையார், றொப்சனுடன் இணைந்து பழ ஈக்களைக் கடுகு வாயுவிற்கு உட்படுத்தியிருந்தார். எக்ஸ் கதிர்கள் பரம்பரை விகாரங்களைத் தோற்றுவிக்கும் என ஹேர்மன் முல்லர் 1927 இல் நிறுவியிருந்தார். இரசாயனப் பொருளொன்றும் அவ்வாறு செய்யவல்லது என்பதை இவ்வாய்வு மெய்ப்பித்தது. போர்க்கால இரகசியம் இரு கண்டுபிடிப்புக்களையும் மறைத்தது; இரண்டும் 1946 இலேயே வெளிப்படையாகப் பிரசுரமாயின.

இரண்டிற்கும் காரணம் ஒன்றே. இச்சேர்வை டி.என்.ஏ. மூலக்கூற்றிலுள்ள குவானினுடன் பிணைந்து, இரு இழைகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகின்றது. பிரிவடைய முயலும் கலம் மடிகின்றது. மடியாது தப்பும் கலம் பழுதுற்ற பரம்பரையலகுகளைச் சுமக்கின்றது. நோயுற்ற கலம், நலமுற்ற கலம் என்ற பேதத்தை அம்மூலக்கூறு அறியாது.

இதன் விளைவு 1970களிற் புலனாயிற்று. நைதரசன் கடுகை உள்ளடக்கிய நான்கு மருந்துகளின் கூட்டினால் ஹொட்ஜ்கின் நோயினின்றும் பிழைத்தோருட் சிலர், சில ஆண்டுகளின் பின் குருதிப் புற்றுநோய்க்கு ஆளாயினர். அத்தசாப்தத்தில் மிலான் நகரிற் பொனடொன்னா வகுத்த வேறொரு மருந்துக் கூட்டு அவ்வபாயத்தைப் பெரிதுங் குறைத்தது. காலப்போக்கிற் பழைய கூட்டின் இடத்தையும் பெற்றது.

ஆயின் முன்னைய மருந்து தவறானதா? அன்று. முற்றிய ஹொட்ஜ்கின் நோய்க்கு ஆளானோர் முன்னர் பெரும்பாலும் மாண்டனர். அம்மருந்தே அவர்களுட் பலரை வாழவைத்தது. நாம் வினவவேண்டியது வேறொன்று. ஈக்களில் அறியப்பட்ட எச்சரிக்கை நோயாளரில் அளவிடப்படுவதற்குக் கால் நூற்றாண்டு சென்றது ஏன்? உயிர்காக்கும் அவசரம் ஒரு காரணமாகலாம். ஒரு துறையின் அறிவு மறு துறையின் வாயிலை எளிதில் எட்டாமையும் ஒரு காரணமே. பல்கலைக்கழகத்தார் சிந்திக்கவேண்டியது இதுவேயாகும்.