மவுண்ட் ரோடு: ஆண்டு சொல்லும் புகைப்படங்கள்

சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் தம் கைபேசிக்கு வந்திருந்த பழைய படம் ஒன்றைக் காட்டினார். அகன்ற தெரு, இரண்டு குதிரை வண்டிகள், மர நிழல், ஒருபுறம் உயர்ந்த பீடத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரரின் சிலை. கீழே 'மவுண்ட் ரோடு, 1945' என்று எழுதியிருந்தது. "எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது ஐயா!" என்றார். ஆண்டு தவறு என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். தாழ்வாரத்தில் நின்றபடி சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

மவுண்ட் ரோட்டின் பழைய படங்களுக்கு ஆண்டு குறிப்பது கல்வெட்டுக்குக் காலம் கணிப்பதைவிட எளிது. டிராம் வண்டி தெரிந்தால் படம் 1895க்கும் 1953க்கும் இடைப்பட்டது. எல்.ஐ.சி. கட்டடம் நிமிர்ந்து நின்றால் 1959ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ எடுத்தது. ரவுண்டாணா இருந்த இடத்தில் அண்ணா விரல் நீட்டி நின்றால் 1968க்குப் பிந்தையது. அவர் உயிரோடிருக்கும்போதே, உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டித் திறக்கப்பட்ட சிலை அது. சாலை அவர் பெயரைப் பெற்றது அவர் மறைவுக்குப் பிறகுதான். ஜெமினி மேம்பாலம் வந்துவிட்டால் 1973ஐத் தாண்டிவிட்டோம் என்று பொருள். ஹிக்கின்பாதம்ஸ் மட்டும் தெரிந்தால் பயனில்லை. 1904 முதல் அந்தக் கட்டடம் அப்படியேதான் நிற்கிறது.

மாணவர் காட்டிய படத்தில் ஆண்டைச் சொன்னது அந்தச் சிலை. அது கர்னல் நீல் என்பவருடையது. 1857 எழுச்சியை ஒடுக்க மதராஸ் பியூசிலியர்ஸ் படையுடன் வடக்கே சென்றவர் அவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய தூக்குகளையும் சித்திரவதைகளையும் ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களாலேயே முழுவதும் மறைக்க முடியவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் லக்னோவில் அவர் கொல்லப்பட்டார். 1860இல் மதராஸ் அவருக்கு மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் அருகே சிலை வைத்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் எதிர்ப்பின்றி நின்ற அந்தச் சிலையின்மீது 1927இல் கோடரியும் சுத்தியலுமாகத் தொண்டர்கள் ஏறினார்கள். திருநெல்வேலியிலிருந்து சோமயாஜுலு வந்தார். கடலூரிலிருந்து அஞ்சலையம்மாள் வந்தார், தம் சிறுமகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு. தாயும் மகளும் தண்டனை பெற்றனர். பின்னர் காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டார். 1937இல் ராஜாஜி அமைச்சரவை பதவியேற்ற பின்னரே சிலை சாலையிலிருந்து அகன்றது. 1952இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஆகவே நீல் நிற்கும் எந்தப் படமும் 1945 ஆக முடியாது.

மாணவர் 'அமைதி' என்று சொன்னது அதன்பிறகும் என்னை விடவில்லை. அந்தப் படங்களை எடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கு அஞ்சலட்டை விற்ற நிலையத்தார். சீமைக்கு அனுப்பத்தக்க மதராஸ் அவர்களுக்குத் தேவைப்பட்டது: கோபுரம் வைத்த கடை, சிலை, நிழல் விழும் தெரு. நீல் அவர்களுக்கு ஓர் அலங்காரம். அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்களில் கட்டைவண்டிக்காரர்களும் கூடை சுமப்பவர்களும் கலங்கலாகத் தெரிவார்கள். கட்டடம் அசையாது, ஆள் அசைவான். பழைய கண்ணாடித் தகட்டில் அசைந்தவன் புகையாகத்தான் பதிவானான். வெறுமையான அழகிய சாலை என்று நாம் ஏங்குவதில் ஒரு பங்கு இந்தப் புகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நூற்றாண்டு நெருங்கிய ஸ்பென்சர் கட்டடம் 1980களில் தீயில் போனதை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான்.

சாதாரண மனிதன் மவுண்ட் ரோட்டின் படத்துக்குள் தெளிவாக வந்து நின்றது எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பிறகு என்பேன். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய கட்டடம் அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 1959 ஆகஸ்டில், 177 அடி உயரத்தில், அரசு நிறுவனத்தின் மாளிகையாக அது திறக்கப்பட்டது. ஊரிலிருந்து வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். என் தாய்மாமா 1960களில் அதன் முன் நின்று எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. உச்சி மாடியையும் அடக்க முயன்ற புகைப்படக்காரர் மாமாவை முழங்காலோடு வெட்டிவிட்டார். மாமாவுக்கு அதில் குறையே இல்லை; எல்லா மாடியும் விழுந்திருக்கிறதே என்பார்.

அந்தச் சாலையின் மறக்கவியலாத படம் வேறொன்று. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி பரவியபோது, மவுண்ட் ரோட்டிலிருந்த கருணாநிதி சிலையை ஒரு கூட்டம் உடைத்தது. இளைஞன் ஒருவன் கடப்பாரையால் சிலையின் மார்பைக் குத்தும் காட்சி பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தைப் பற்றிக் கருணாநிதியே முரசொலியில் கவிதை எழுதினார். அதே சாலையில், ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், 2022 மே 28 அன்று அவருக்கு வேறொரு சிலை திறக்கப்பட்டது. 1927இன் கோடரியையும் 1987இன் கடப்பாரையையும் ஒன்றாக வைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னது சிறைக்கு அணியமாகிச் சென்றவர்களின் கையில் இருந்தது. பின்னது ஒரு நாளின் ஆத்திரத்தில் தூக்கியது.

பரங்கிமலைக்குப் போகும் வழி என்பதால் மவுண்ட் ரோடு என்று பெயர். மலையோடு சாலை முடிந்துவிடுவதில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று நீண்டு, நான் வசிக்கும் பெருங்களத்தூர் வழியாக ஜி.எஸ்.டி. சாலையாகத் திருச்சி நோக்கிப் போகிறது. இந்தப் பகுதியின் பழைய அஞ்சலட்டை ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய இரவுகளில் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் தென்மாவட்டப் பேருந்துக்காகச் சாலையோரம் காத்து நின்றவர்களைத்தான் நாளிதழ்கள் படமெடுத்தன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், அந்த அரசுப் பேருந்துகள் எங்கள் ஊருக்குத் தெற்கே, அங்கிருந்தே புறப்பட்டுவிடுகின்றன. பெருங்களத்தூரில் அப்படியொரு பண்டிகைக் கூட்டத்தின் படம் என்றாவது யார் கைக்காவது ஆண்டில்லாமல் வந்தால், அதற்கு முந்தையது என்று எழுதிக்கொள்ளலாம்.