சிகந்தராபாத்தில் கண்ட கருந்துகள்

ஹைதராபாத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் சார்மினாரையும் கோல்கொண்டாவையும் நிஜாம்களின் வைர வைடூரியங்களையும் வருணிக்கும் விரிவில் ஒரு சிறு பங்கேனும், பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்துக்கு அருகே ரொனால்ட் ராஸின் பெயரைத் தாங்கி, உஸ்மானியா சர்வகலாசாலையின் பொறுப்பில் இருக்கும் கட்டடத்துக்கு அளிப்பது அரிது. மலேரியாவைக் கொசுவோடு பிணைக்கும் இரகசியம் 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி சிகந்தராபாத்தில் வெளிப்பட்டதென்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்; ஆயினும் அன்று ராஸின் கண்ணில் பட்ட பொருள் இன்னதென்றும், அது கருநிறம் கொண்டிருந்த காரணம் இன்னதென்றும் விளக்குவோர் சிலரே. கொசுவின் கதையாகவே சொல்லப்பட்டு வரும் இவ்வரலாறு, நம் குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம் என்னும் பொருளின் கதையுமாகும் என்பது என் துணிபு.

மலேரியாவில் மாண்டோரின் மண்ணீரல் கறுத்திருப்பதை ஐரோப்பிய வைத்தியர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கண்டிருந்தனர். அக்கரும்பொடி ஒரு கிருமியின் உடலுக்குள் இருப்பதை, 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவெரான் கண்டறிந்தார். 1894இல் லண்டனில் பாட்ரிக் மான்சன் அக்கிருமியை ராஸுக்குக் காட்டி, அதைக் கொசுவின் உடலில் தேடுமாறு தூண்டினார்.

அல்மோராவில் பிறந்து, 1881இல் இந்திய வைத்திய சேவையில் சேர்ந்த ராஸ், நோய்க்குச் சம்பந்தமற்ற கொசு வகைகளையே அறுத்தறுத்துப் பார்த்துச் சலித்தார். 1897இல் நீலகிரியின் சீகூர்ப் பக்கம் தேடப் போய்த் தாமே சுரத்தில் விழுந்தார். ஆகஸ்டில் புள்ளியிட்ட இறக்கையுடைய கொசுக்கள் சில சிகந்தராபாத்தில் அவர் கைக்கு வந்தன. உசேன் கான் என்னும் நோயாளி, கடிக்கும் கொசுவொன்றுக்கு 1 அணா வீதம் பெற்று, தம் உடம்பை அவற்றுக்கு ஒப்புக்கொடுத்தார். இக்கண்டுபிடிப்பின் பெருமையில் அவருக்குள்ள பங்கை நாம் மறத்தலாகாது. பங்காவை அசைத்தால் அறுத்த கொசு பறந்துவிடுமென்று அஞ்சி அந்தப் புழுக்கத்திலேயே அமர்ந்து, நெற்றி வியர்வையால் துருவேறிய திருகுகளும் விரிசல் கண்ட வில்லையும் உடைய நுண்ணோக்கியின் வழியே கொசுவின் இரைப்பைச் சுவரை அங்குலம் அங்குலமாகத் துருவிக்கொண்டிருந்தவருக்கு, வட்டமான உயிரணு ஒன்று தென்பட்டது. அதன் உள்ளே கருந்துகள்கள் இருந்தன. கொசுவின் தசையில் அத்தகைய துகள் இராது. நோயாளியின் குருதியிலுள்ள கிருமியிடம் அவர் நெடுநாள் கண்டு பழகிய துகளே அது. மறுநாள் மற்றொரு கொசுவில் அவ்வணுக்கள் மேலும் பருத்திருந்தன. 1902இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

அத்துகள் தோன்றும் விதம் ஆச்சரியமானது. நம் உடம்பில் சுமார் 120 நாட்களில் மடியும் சிவப்பணுவின் ஹீம் வளையத்தை ஹீம் ஆக்சிஜனேஸ் என்னும் நொதி திறந்து, இரும்பை மீட்டு, எஞ்சியதைப் பச்சை நிறப் பிலிவெர்டின் ஆக்க, வேறொரு நொதி அதை மஞ்சள் நிறப் பிலிருபின் ஆக்குகிறது. அடிபட்டுக் கன்றிய இடம் பச்சையாகிப் பின் மஞ்சளாகி மறைவதில் இவ்விரு நொதிகளின் வேலையை யாவரும் நேரிற் காணலாம். மலேரியாக் கிருமியோ சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று, அதன் புரதத்தை நொதிகளால் செரித்துக்கொள்கிறதேயன்றி, எஞ்சும் ஹீமைப் பிளக்கும் வழி அதனிடம் இல்லை. கட்டவிழ்ந்த ஹீம் அதற்கே நஞ்சாதலால், அதைக் கரையாத படிகங்களாக அடுக்கி ஒதுக்குகிறது. ஹீமோசோயின் எனப்படும் அப்படிகமே ராஸ் கண்ட கருந்துகள். குளோரோகுயின் மருந்து அப்படிகம் வளரவொட்டாமல் தடுத்து, கிருமியை அதன் கழிவாலேயே கொல்கிறது.

இவ்வளவு ஹீமின் நடுவே வாழும் கிருமி தனக்கென்று ஹீம் தயாரிக்க வேண்டுவதில்லை என்றே எவருக்கும் தோன்றும். சென்னையில் பிறந்த கோ. பத்மநாபனும் நமீதா சுரோலியாவும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலிருந்து 1992இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அது ஹீமைத் தானே புதிதாக ஆக்குகிறதெனக் காட்டியது; அவ்வேலைக்கு வேண்டிய நொதியொன்றை மனிதனின் சிவப்பணுவிலிருந்தே கிருமி உள்ளிழுத்துக்கொள்வதையும் 2000இல் அக்குழுவினர் நிறுவினர். கிருமிக்கு இவ்வுழைப்பு எதற்கு என்னும் வினாவுக்கு 2013இல் விடை வந்தது: குருதியில் வாழும் பருவத்தில் விருந்தளிப்பவரின் ஹீமைக் கொண்டே அது காலம் தள்ளிவிடக்கூடும், கொசுவிலும் கல்லீரலிலும் வளரும் பருவங்களிலோ தான் ஆக்கிய ஹீமின்றி அதற்கு வளர்ச்சியில்லை.