பாதி விலைக்கு வரும் ஜி.டி. கார்: ஞாயிறு மட்டும் ஓட்ட வாங்கலாமா? தாம்பரம் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஷோரூமில் 60 லட்சத்துக்கு எடுத்த கார், ஐந்து வருஷம் ஆனதும் ஏறக்குறைய பாதி விலைக்கு வந்து நிற்கும். இது புரோக்கர் சொல்லும் கணக்கு மட்டும் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் காரின் மதிப்பைக் கணக்கிடப் பயன்படுத்தும் அட்டவணையே 4 முதல் 5 வயதான காருக்கு 50 சதவீதத்தைக் கழித்துவிடுகிறது. அதற்கு மேல் வயதான காருக்கு அட்டவணையே கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு.

இந்த இறக்கத்தால், ஒரு புது இன்னோவா வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு பழைய சொகுசு கார் விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். தினமும் ஆபீஸ் போக ஒரு சின்ன கார், ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். போக ஒரு பவர்ஃபுல் கார் என்பது தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இன்று பலருக்கும் இருக்கும் ஆசை. ஆனால், இந்தக் கார் வாங்குபவரின் பணத்தைத் தின்பது ஓடும் ஒரு நாளில் இல்லை. சும்மா நிற்கும் ஆறு நாட்களில்தான்.

ஜி.டி. கார் என்றால் என்ன?

'கிரான் டூரிஸ்மோ' என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம்தான் ஜி.டி. நீண்ட தூரத்தை வேகமாகவும் அலுப்பில்லாமலும் கடப்பதற்கான கார் என்று பொருள். ரேஸ் கார் மாதிரி முதுகை உடைக்காது, சாதாரண செடான் மாதிரி தூங்கியும் வழியாது. 1929-லேயே ஆல்ஃபா ரோமியோ தன் கார் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி., மஸெராட்டி கிரான்டூரிஸ்மோ எல்லாம் இந்த வம்சம்தான்.

இதில் தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் சிங்கப்பெருமாள் கோவில் அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. அங்கே 2007 முதல் இயங்கும் பி.எம்.டபிள்யூ ஆலையில்தான், 2018-ல் அறிமுகமான 6 சீரிஸ் கிரான் டூரிஸ்மோ இந்தியாவுக்காக அசெம்பிள் செய்யப்பட்டது. இரண்டு கதவு கூபே இல்லை, குடும்பத்தோடு போகிற ஐந்து கதவு கார். 'அசல்' ஜி.டி. ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால், பின் சீட்டில் அம்மா அப்பாவை உட்கார வைக்க முடியும் என்பது இந்த ஊருக்கு முக்கியம்.

அதே சாலையில் அதற்கு முன்பே வருவது மறைமலை நகர் ஃபோர்டு ஆலை. 2016-ல் ஃபோர்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்த மஸ்டாங் ஜி.டி. அங்கே தயாரானதல்ல, அமெரிக்காவிலிருந்து முழு காராக இறக்குமதியானது. 5 லிட்டர் வி8 எஞ்சின், சுமார் 400 குதிரைத்திறன், அப்போதைய டெல்லி ஷோரூம் விலை சுமார் 65 லட்சம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு சர்வீஸ் தொடரும் என்று சொன்னாலும், டீலர்கள் எண்ணிக்கை சுருங்கிய பிறகு ஒரு ஹெட்லைட்டுக்குக்கூட எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி. உள்ளூரில் அசெம்பிள் ஆன காருக்கும், முழுதாக இறக்குமதியான காருக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வரும்.

ஒரு கிலோமீட்டர் என்ன விலை?

உதாரணத்துக்கு 30 லட்சம் கொடுத்து ஒரு பெட்ரோல் கார் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாதம் இரண்டு ஞாயிறு தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போய் வந்தால், ஒரு தடவைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். வருஷத்துக்கு 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்றாலும் பெட்ரோல் செலவு 35 ஆயிரத்தைத் தாண்டாது. 'பெட்ரோல் போட்டே சொத்து அழிஞ்சிடும்' என்று பயப்படுபவர்கள் இங்கே ஆச்சரியப்படலாம்.

அதே 30 லட்சம் 7 சதவீத வட்டியில் பேங்க்கில் இருந்தால் வருஷம் 2 லட்சத்து 10 ஆயிரம் வரும். காரின் மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதம் மட்டுமே இறங்குகிறது என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் 3 லட்சம் போச்சு. இரண்டையும் 2,400-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 212 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எதுவும் இதில் சேரவில்லை. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயமான மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய். சொந்த சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்பைப் பொறுத்து இதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஒரு சலுகை உண்டு. ஓட்டும் தூரத்துக்கு ஏற்ப பிரீமியம் கட்டும் வசதிக்கு 2022-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்தது. வார இறுதி கார் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஏஜென்ட் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

காரைவிட பேப்பர் முக்கியம்

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் கார் வெளி மாநிலத்துக் கார். டெல்லியில் 10 வயது தாண்டிய டீசல், 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையால் அங்கிருந்து பல கார்கள் தெற்கே இறங்கின. அப்படி வரும் காரை இங்கே மறுபதிவு செய்ய, அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வேண்டும். பிறகு தமிழ்நாட்டு வாழ்நாள் வரியைக் கட்ட வேண்டும். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்ப விகிதம் குறையும் என்றாலும், விலை உயர்ந்த காரில் அது லட்சங்களில்தான் வந்து நிற்கும். டெல்லியில் 5 லட்சம் குறைவு என்று சந்தோஷப்பட்டவர், தாம்பரம் ஆர்.டி.ஓ. வாசலில் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

இறக்குமதி கார் என்றால் இன்னும் கவனம் தேவை. நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கான நுழைவு வரி வழக்கு பலருக்கும் நினைவிருக்கும். 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார். அதை இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது, தீர்ப்பில் இருந்த கடுமையான கருத்துகளும் பின்னர் நீக்கப்பட்டன. ரசிகர்களுக்கு அது சினிமா செய்தி. பழைய கார் வாங்குபவருக்கு அதில் ஒரு தகவல் இருக்கிறது: 2017-ல் சரக்கு, சேவை வரி வருவதற்கு முன்பு இறக்குமதியான கார்களுக்கு நுழைவு வரி என்று தனியாக ஒன்று இருந்தது, அது பத்து வருஷம் கழித்தும் கோர்ட்டில் நின்றது. (தாம்பரத்துக்காரரிடம் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ரோடுதான் ஞாபகம் வரும், அது வேறு விஷயம்.) அந்த வரி கட்டிய ரசீதும், சுங்க ஆவணமும் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை நடத்திய 'ஆபரேஷன் நும்கோர்' சோதனை இன்னொரு எச்சரிக்கை. பூடானிலிருந்து வரி கட்டாமல் கொண்டுவந்து, போலி ஆவணங்களில் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட கார்களைத் தேடி அந்தச் சோதனை நடந்தது. கார் யார் கையில் இருக்கிறதோ அவர் வீட்டு வாசலுக்குத்தான் அதிகாரிகள் வந்தார்கள்.

எம்-பரிவாகன் ஆப்பில் பதிவு எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி உண்டா என்பது தெரியும். வாங்கிய பிறகு ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கு 30 நாள், இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள் அவகாசம். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் காரோடு வராது. தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் சரக்கு, சேவை வரி இல்லை; டீலருக்குத்தான், அதுவும் அவருடைய லாபத்தின் மீது மட்டும், 18 சதவீதம். 15 வயது நெருங்கும் காராக இருந்தால் இன்னொரு செலவும் காத்திருக்கிறது. பதிவைப் புதுப்பிக்க சாதாரண காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. 20 வயது தாண்டினால் இறக்குமதி காருக்கு 80,000.

நிற்கும் கார் எப்படிக் கெடுகிறது?

இந்த வகை கார்களில் பூட்டி நிறுத்திய பிறகும் அலாரம், சாவி சென்சார், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் தொடாமல் விட்டால் கதவு திறப்பதே சந்தேகம். இதற்கு பேட்டரி மெயின்டெய்னர் என்ற சின்ன சார்ஜர் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், தாம்பரம் பக்கத்து அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்காது. அசோசியேஷனிடம் பேசி, தனி மீட்டரிலிருந்து லைன் இழுக்க வேண்டும். கார் வாங்கும் முன்பே பேச வேண்டிய பேச்சு இது.

டயர் தேயாது, ஆனால் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. ஆறு வயதான டயரை, பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்வது பி.எம்.டபிள்யூ உள்ளிட்ட நிறுவனங்களின் பரிந்துரை. 'டயர் 80 பர்சென்ட் இருக்கு சார்' என்று விற்பவர் சொன்னால், அந்த இலக்கத்தைப் பாருங்கள்.

பெட்ரோலும் பழசாகும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரையை ஒட்டிய ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் காரில் இது வேலையைக் காட்டும். 2010-களில் வந்த பல கார்கள் 10 சதவீதம் வரைதான் என்று டேங்க் மூடியின் உட்புறத்திலேயே எழுதியிருக்கும். 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் கிடைக்கிறது, விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டீசல் ஜி.டி. வாங்கினால் வேறு தலைவலி: புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க அவ்வப்போது ஹைவேயில் அரை மணி நேரமாவது சீராக ஓட வேண்டும். கேம்ப் ரோடு வரை போய் பால் வாங்கி வந்தால் அது எரியாது, அடைத்துக்கொள்ளும்.

எங்கே ஓட்டுவது?

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக ஈ.சி.ஆர். போவதுதான் பலரின் வழி. வழியெல்லாம் கல்லூரிகள், வேகத்தடைகள். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். தெருவாசிகள் ஜல்லி கொட்டிப் போட்ட வேகத்தடைக்கு அந்த விதி தெரியாது. தாழ்வான காரின் அடிவயிறுதான் அளவுகோல். வாங்கும் முன் டெஸ்ட் டிரைவை உங்கள் தெருவிலேயே, உங்கள் வீட்டு ரேம்ப் வரை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சென்னை மாநகர எல்லையில் கார்களுக்கு 60 கி.மீ. வேக வரம்பு, நான்கு வழிச் சாலையில் மத்திய அரசின் உச்சவரம்பே 100 தான். நிஜமாகவே 400 குதிரைத்திறனையும் பார்க்க வேண்டும் என்றால், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே நடக்கும் விபத்துக்கு சாதாரண கார் இன்சூரன்ஸ் பணம் தராது.

மழைக்காலம் வந்தால்...

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர், பள்ளிக்கரணை, வேளச்சேரி. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பெயர்களை டிவியில் திரும்பத் திரும்பக் கேட்டோம். இரண்டு விதத்தில் இது ஜி.டி. வாங்குபவரைப் பாதிக்கும்.

முதலாவது, வாங்கப் போகும் காரே வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்கலாம். 'டோட்டல் லாஸ்' ஆன கார்கள் ஏலத்தில் போய், துடைத்துப் பளபளவென்று திரும்பி வருவது உண்டு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்தால் கடைசி அடியில் சேறு கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் ரெயிலில் துரு, டிக்கியில் கார்ப்பெட்டுக்குக் கீழே மண், எவ்வளவு சென்ட் அடித்தாலும் போகாத ஒரு வாடை. சேஸிஸ் எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளைக் கேட்டால் எந்த டிசம்பரில் என்ன மாற்றினார்கள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, வாங்கிய கார் மூழ்குவது. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத தண்ணீர் சிலிண்டருக்குள் சிக்கி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு இல்லாவிட்டால் கிளைம் மறுக்கப்படுவது வழக்கம். வி8 எஞ்சின் என்றால் அந்த ஒரு பில்லே காரின் விலையைத் தொடலாம். கையை பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, பிளாட்பெட் வண்டியை வரவழைப்பதுதான் வழி. கயிறு கட்டி இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்கள். அபராதம் போடுவதாகப் பரவிய தகவலை போலீஸ் மறுத்தது. சாதாரண காருக்கு முழங்கால் தண்ணீர் வரும் வரை யோசிக்க நேரம் உண்டு. தரையோடு ஒட்டிய ஜி.டி. காருக்கு, தெருவில் கணுக்கால் தண்ணீர் தேங்கும்போதே வெளியே எடுக்கும் நேரம் முடிந்திருக்கும். எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாடி பார்க்கிங் உள்ள சொந்தக்காரர் வீடோ, மாத வாடகை பார்க்கிங்கோ முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். எஞ்சின் புரொடெக்டைப் பல நிறுவனங்கள் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட காருக்குத் தருவதில்லை. ஏழு, எட்டு வயது கார் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அதே காரின் எண்ணைச் சொல்லி அந்த ஒரு காப்பீடு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.