கூரைக்குக் கீழே ஒரு பருவம்: அமெரிக்கக் கல்லூரித் திடல்தட அணிகள் தயாராவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு உபகாரச் சம்பளத்துடன் படிப்பது நம் நாட்டுத் திடல்தட வீரர்களுக்கு இன்று எட்டாத ஒன்றல்ல. 2023-ஆம் ஆண்டு கம்போடியா சீ விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் மலேசியாவுக்குத் தங்கம் வென்ற ஷெரின் சேம்சன் வல்லபாய், மினசோட்டா மாநிலத்தின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடியவர். 2022-இல் 100 மீட்டரை 10.09 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்த அஸீம் ஃபாஹ்மி, அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

வெயிலில் திறந்த திடலில் ஓடி வளர்ந்த நம் பிள்ளைகள் அங்கே போனதும் சந்திக்கும் முதல் பெரிய சோதனை, உள்ளரங்குப் பருவம். ஓடுவது அதே கால்கள்தான் என்றாலும் தடம் வேறு, தூரம் வேறு, ஓடும் கணக்கும் வேறு.

ஓராண்டில் மூன்று பருவம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்சிஏஏ என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்துகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை குறுக்கோட்டம், டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளரங்குத் திடல்தடம், அதன்பின் ஜூன் வரை வெளியரங்குத் திடல்தடம் நடைபெறும். குளிர்காலத்தில் பனி மூடிய திடலில் ஓட முடியாது என்பதால் போட்டிகள் கூரைக்குள் சென்றன. ஆண்களுக்கான என்சிஏஏ உள்ளரங்கு வெற்றியாளர் போட்டி 1965-இலும், பெண்களுக்கானது 1983-இலும் தொடங்கின.

200 மீட்டர் தடம்

வெளியே ஒரு சுற்று 400 மீட்டர். உள்ளரங்கில் வழக்கமான ஒரு சுற்று 200 மீட்டர்தான். வளைவுகள் குறுகலானவை. நல்ல அரங்குகளில் வளைவின் வெளிப்புறத்தை உயர்த்திச் சாய்வாக அமைத்திருப்பார்கள். சாய்வு இல்லாத தட்டைத் தடங்களில் வேகம் குறையும். அதனால் தகுதிப் பட்டியல் தயாரிக்கும்போது தடத்தின் வகைக்கேற்ப நேரத்தைச் சரிசெய்கிறார்கள்.

100 மீட்டர் ஓட்டம் இங்கே கிடையாது. அதற்குப் பதில் 60 மீட்டர். கடைசி 40 மீட்டரில் எதிராளியை எட்டிப் பிடிக்கும் வீரருக்கு இதில் நேரமே இருக்காது. புறப்படும் கட்டையிலிருந்து எழும் முதல் சில அடிகளே முடிவைத் தீர்மானிக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நிற்க இடம் குறைவு என்பதால் பல அரங்குகளில் சுவரில் மெத்தை சாத்தியிருப்பார்கள்.

400 மீட்டர் இரண்டு சுற்று. முதல் இரண்டு வளைவுகள் முடிந்ததும் எல்லோரும் உள்தடத்துக்கு வந்துவிடலாம். அந்த இடத்தில் முன்னால் இருப்பவரைக் குறுகிய வளைவில் முந்துவது கடினம். முதல் சுற்றில் சக்தியைச் சேமித்து வைத்துப் பின்னால் துரத்தலாம் என்ற பழக்கம் இங்கே கைகொடுக்காது.

ஈட்டி, வட்டு, சங்கிலிக் குண்டு ஆகியவற்றுக்கு அரங்கில் இடமில்லை. குண்டு எறிதல் உண்டு. சங்கிலிக் குண்டுக்குப் பதிலாக, குட்டையான பிடியுடன் கூடிய எடை எறிதல் நடக்கும். ஆண்களுக்கு 35 பவுண்டு, பெண்களுக்கு 20 பவுண்டு.

தயாராகும் மாதங்கள்

கல்வியாண்டு ஆகஸ்டு இறுதியில் தொடங்கியதும் பயிற்சியும் தொடங்குகிறது. விரைவோட்ட வீரர்கள் முதல் மாதங்களில் மேட்டு ஓட்டம், எடைப்பயிற்சி, இடைவெளி விட்டு ஓடும் ஓட்டங்கள் என்று உடம்பைக் கட்டுகிறார்கள். நவம்பருக்குப் பிறகு புறப்பாட்டுப் பயிற்சியும் வளைவுப் பயிற்சியும் கூடும். வளைவில் ஓடும்போது கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் சுமை ஏறும் என்பதால் பயிற்றுநர்கள் அந்தப் பயிற்சியைச் சிறிது சிறிதாகவே கூட்டுவார்கள்.

டிசம்பரில் முதல் போட்டிகள் வரும். அதே மாதத்தில் பருவத் தேர்வும் வரும். ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலும் வார இறுதிகளில் போட்டி. அரங்கின் வறண்ட காற்றில் முழு வேகத்தில் ஓடியபின் பலருக்கு இருமல் வரும். ஈரக்காற்றில் பழகிய நம் பிள்ளைகள் முதன்முறை இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இருமல் நீடித்தால் அணி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தகுதி பெறுவது

முதல் பிரிவில், வெளியரங்குப் பருவத்தைப் போல வட்டாரத் தகுதிச் சுற்று கிடையாது. பருவம் முழுவதும் பதிவான நேரங்களைப் பட்டியலிட்டு, தனிநபர் போட்டி ஒவ்வொன்றிலும் முதல் 16 பேரை மார்ச் மாத இறுதிப் போட்டிக்கு எடுக்கிறார்கள். தொடர் ஓட்டத்தில் 12 அணிகள். ஆகவே, ஜனவரியில் சாதாரணமாகத் தோன்றும் ஒரு சனிக்கிழமை ஓட்டமே ஒருவரின் ஆண்டைத் தீர்மானிக்கலாம்.

புள்ளி குறைந்தால் ஓட முடியாது

விளையாடப் போனால் படிப்பு கெடும் என்ற கவலை நம் வீடுகளில் உண்டு. அங்குள்ள விதிகளோ படிக்காதவரை ஓட விடுவதில்லை. பருவத்தின்போது பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும். முதல் பிரிவில் சேர, இடைநிலைப்பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 சராசரிப் புள்ளியும் தேவை. இரண்டாம் பிரிவில் 2.2. சேர்ந்த பிறகும் புள்ளி சரிந்தால் அணியில் இடம் நிறுத்தப்படும்.

உபகாரச் சம்பளம் என்றால் முழுச் செலவும் கிடைக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. திடல்தடத்தில் பெரும்பாலும் அதைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதே வழக்கம். 2025-26 கல்வியாண்டு முதல், புதிய ஏற்பாட்டை ஏற்ற முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை எண்ணிக்கைக்கான வரம்பு நீங்கி, அணிக்கு 45 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. இரண்டாம் பிரிவிலும் விளையாட்டு உதவி உண்டு. ஷெரின் படித்த வினோனா ஸ்டேட் அந்தப் பிரிவைச் சேர்ந்ததே. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகை கிடையாது.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளை படிவம் மூன்றில் இருக்கும்போதே ஆயத்தம் தொடங்குவது நல்லது. ஒவ்வோர் ஆண்டின் தேர்ச்சி அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளின் அதிகாரப்பூர்வ நேரங்களையும், முடிந்தால் ஓட்டக் காணொளியையும் சேர்த்து வையுங்கள். எஸ்பிஎம் முடித்தபின் படிப்பை ஒத்திவைத்துவிட்டு நீண்ட காலம் போட்டிகளில் ஓடினால், கல்லூரியில் ஓடும் தகுதிக் காலம் குறையக்கூடும். சேர்த்துவிடுகிறோம் என்று பணம் கேட்பவர்களை நம்புவதற்கு முன், பல்கலைக்கழகப் பயிற்றுநருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அதற்குச் செலவில்லை.

தோட்டத்துப் பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைக்கும் இந்தப் பாதை திறந்தே இருக்கிறது. அந்தப் பிள்ளையின் ஓட்ட நேரத்தோடு தேர்ச்சி அறிக்கையையும் கேட்பார்கள் என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.